பெல்ஜியம் வரைக்கும்

இந்தக் கலயம் உன்னுடையது, உலகம்மாள். இதைத் திருப்பிக் கொடுக்கத்தான் பாளையங்கோட்டையிலிருந்து வந்தேன். பிறர் வீட்டுப் பாத்திரம் நம் வீட்டில் தங்கிவிடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவள். கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே பனங்கற்கண்டு போட்டிருக்கிறேன். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகக் கொடுப்பது முறையன்று.

மோர் வேண்டாம். ஊற்றிவிட்டாயா? சரி, கொடு.

நீ உன் வேலையை நிறுத்த வேண்டாம். புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டே கேள். ஒரு குவியலை இந்தப் பக்கம் தள்ளு, நானும் எடுக்கிறேன். கையைச் சும்மா வைத்துக்கொண்டு எனக்குப் பேச வராது. வண்டிக்காரனை வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். சாயங்கால ரயிலுக்குக் கீழக்கடையம் ஸ்டேஷன் போய்ச் சேர வேண்டும்.

ஆமாம், என் கணவர் காலமாகிவிட்டார். ஐப்பசி மாதத்து விஷக்காய்ச்சலில். உனக்குத் தகவல் எட்டியிருக்கும் என்று நினைத்தேன். எதற்கு எழுந்திருக்கிறாய்? உட்கார். ஊரெல்லாம் போன காய்ச்சலில் அவரும் போனார். பள்ளிக்கூடத்தை அப்போது மூடியிருந்தார்கள். ஆதலால் நான் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கலயம் ஒரு காரியம். இன்னொரு காரியமும் இருக்கிறது. சென்ற ஆண்டு தை மாதம் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய் அல்லவா? நீ புறப்பட்டபோது அவர் உன்னை வழியனுப்பத் தெருமுனைப் புளியமரம் வரைக்கும் வந்தார். அங்கே நின்று உன்னிடம் பேசினார். நான் உலையில் அரிசி போட்டுச் சோறு வடித்து இறக்கும்வரைக்கும் பேசினார். யுத்தத்திலிருந்து திரும்பி வந்த பிறகு என்னோடு இருந்த காலம் முழுவதும் சேர்த்தாலும் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. அன்று அவர் உன்னிடம் என்ன சொன்னார்? அது எனக்குத் தெரிய வேண்டும். கேட்க வந்தது அவ்வளவுதான்.

பொறு, பொறு. உடனே ஆரம்பித்துவிடாதே. எதையும் முறைப்படி சொன்னால்தான் விளங்கும். எனக்கு என்ன தெரியும் என்பதை முதலில் நான் சொல்லிவிடுகிறேன். விட்டுப்போனதை மட்டும் நீ சொன்னால் போதும்.

யுத்தத்திலிருந்து தொடங்குகிறேன். அன்றைக்கும் நீ என்னை இப்படித்தான் பார்த்தாய்.

உன் கணவர் பேச்சிமுத்துவும் என் கணவரும் எதற்காகக் கப்பல் ஏறினார்கள் என்று கேட்டால், இந்த ஊரில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லத் தெரியும்? ஜெர்மன்காரன் கெட்டவன் என்பார்கள். அது காரணம் அன்று, வசை. காரணங்கள் இருவகைப்படும்: உடனடிக் காரணம், உள்ளார்ந்த காரணம். ஐந்தாம் வகுப்புப் பெண்களுக்கு நான் அப்படித்தான் கற்பித்தேன். ஆஸ்திரியா தேசத்து இளவரசரும் அவர் மனைவியும் செரயேவோ என்னும் பட்டணத்துக்குப் போனார்கள். மோட்டாரில் போய்க்கொண்டிருந்தவர்களைச் செர்பிய வாலிபன் ஒருவன் சுட்டான். இருவரும் இறந்தார்கள். இது உடனடிக் காரணம். ஆஸ்திரியா செர்பியாவின்மேல் படையெடுத்தது. செர்பியாவுக்கு ருஷ்யா துணை. ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி துணை. ருஷ்யாவுக்குப் பிரான்சு துணை. பிரான்சைப் பிடிப்பதற்காக ஜெர்மனி, பெல்ஜியம் என்கிற சின்ன தேசத்தின் வழியாகப் படையை நடத்தியது. பெல்ஜியத்துக்குத் தீங்கு வர விடமாட்டோம் என்று இங்கிலாந்து முன்னொரு காலத்தில் வாக்குக் கொடுத்திருந்தது. ஆதலால் இங்கிலாந்தும் இறங்கியது. ஆனியில் அவன் சுட்டான். ஆடி முடிவதற்குள் ஐரோப்பா முழுவதும் பற்றிக்கொண்டது. ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள் என்பதுதான் உள்ளார்ந்த காரணம்.

வகுப்பில் இதை விளக்க ஆறு பெண்களை வரிசையாக நிறுத்தி, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முதலில் நின்றவளை மெல்லத்தான் இழுத்தேன். ஆறு பேரும் சரிந்தார்கள். வகுப்பே சிரித்தது. ரூபவதி என்று ஒரு பெண், சற்று வாய் நீளம், அவள் எழுந்து, “டீச்சர், இதில நாம எங்க நிக்கோம்? நம்ம கையை நாம யாருக்கும் குடுக்கலையே” என்றாள். அது பாடத்தில் இல்லை என்று சொல்லி உட்கார வைத்தேன். பாடத்தில் இல்லைதான்.

அடுத்தது, சண்டை. இது நான் அவரைக் கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்தியது. பட்டாளம் பம்பாயில் கப்பல் ஏறியது. பிரான்சுக்குப் போகிறோம் என்று பலரும் நினைத்தார்கள். எங்கே போகிறோம் என்று சிப்பாய்களுக்கு யாரும் சொல்லவில்லை. கரைக்குப் பக்கத்திலேயே வெகு நாள் கப்பலில் அடைத்து வைத்திருந்தார்கள். பிறகு கடல். வாந்தி. கடைசியில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், தாங்கா என்னும் துறைமுகம். அது அப்போது ஜெர்மனியின் கையில் இருந்த ஊர். ஐரோப்பாவில் நடந்த கொலைக்கு ஆப்பிரிக்காவில் எதற்கு இறங்க வேண்டும் என்று நீ கேட்கலாம். பகையாளியின் வீடு எட்டவில்லை, தோட்டம் எட்டியது. அவ்வளவுதான்.

இறங்கிய இடத்தில் ரப்பர் மரங்களும் தென்னையும் ஆள் உயரப் புல்லும் இருந்தன. எதிரி கண்ணுக்குத் தெரியவில்லை. அவனுடைய மெஷின் துப்பாக்கி மட்டும் கேட்டது. அந்த ஊர்க்காரர்கள் மரத்தைக் குடைந்து, கிளைகளில் தொங்கவிட்டுத் தேனீ வளர்ப்பவர்கள். குண்டு பட்டுக் கூடுகள் கலைந்தன. தேனீக்கள் இரண்டு கட்சியையும் கொட்டின. அவற்றுக்கு ஜெர்மனியும் ஒன்று, இங்கிலாந்தும் ஒன்று. பட்டாளம் கடற்கரைக்கு ஓடியது. மறுநாள் எல்லோரும் கப்பல் ஏறித் திரும்பிவிட்டார்கள். துப்பாக்கிகளும் மருந்துப் பெட்டிகளும் காயம்பட்டவர்கள் பலரும் அங்கேயே கிடந்தார்கள்.

உன் கணவர் அங்கே இறந்தார். என் கணவர் அகப்பட்டார். உனக்குத் தெரிந்ததுதான். வரிசைக்காகச் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகள் ஜெர்மானியரின் கைதியாக ரோட்டுக்குக் கல் சுமந்தார். பிறகு அந்தப் பக்கத்துக் காட்டு வழியாகப் படை வந்து கைதிகளை விடுவித்தது. யாருடைய படை தெரியுமா? பெல்ஜியத்தின் படை. பெல்ஜியத்துக்கும் ஆப்பிரிக்காவில் ஒரு தோட்டம் உண்டு. இதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு திருப்தி! எந்தத் தேசத்துக்காகப் போனாரோ அந்தத் தேசமே வந்து அவரை மீட்டது. இவ்வளவு பொருத்தமாக ஒரு பாடம் அமையாது. அவரிடம் சொன்னேன். “கதவைத் தொறந்துவிட்டவன் என்னைவிடக் கறுப்பு, ஞானம். பெல்ஜியம் எங்க இருக்குன்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்காது” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நீயும் ஏதோ சொல்ல வருகிறாய். இரு. முடித்துவிடுகிறேன்.

திரும்பி வந்தவரைத் தெருவில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது உனக்குத் தெரியாது. நாயக் என்பது பட்டாளத்தில் அவருடைய பதவி. வேதமாணிக்கம் நாயக் என்று கூப்பிட வேண்டியவர்கள் ‘தேனீ நாயக்’ என்றார்கள். சின்னப் பிள்ளைகள் பின்னால் வந்து வாயை மூடிக்கொண்டு ‘ங்ங்ங்’ என்று இரைவார்கள். எதிர்வீட்டுச் சாலமோன் பிள்ளை, கோர்ட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், படித்தவர், அவரே வாசலில் நின்று, “என்ன நாயக், ஜெர்மன்காரன் சிப்பாயைவிட அவன் வளர்த்த பூச்சி பலசாலியாமே?” என்று கேட்டார்.

“பூச்சிதான் பலசாலி, அண்ணாச்சி. அதுக்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்ல” என்றார் இவர்.

“அப்போ ஓட்டத்துக்கு யாரு உத்தரவு போட்டா?”

இவர் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான் வாசலுக்குப் போய், “ஓடியவர்கள் கப்பல் ஏறினார்கள், அண்ணாச்சி. ஓடாதவர் அகப்பட்டார். என் கணவர் அகப்பட்டவர். ஆதலால் அவர் ஓடாதவர்” என்றேன். அந்த வாதத்தில் ஒரு பிழையும் கிடையாது. இவரிடம் வந்து அதையே சொன்னேன். “நீங்கள் ஓடவில்லை என்று நிறுவிவிட்டேன்” என்றேன். “ஆமா ஞானம், நான் ஓடலை. படுத்துக் கெடந்தேன்” என்றார். படுத்துக் கிடந்தாலும் ஓடாததுதானே?

சித்திரை வெயிலில், கல் வெடிக்கிற புழுக்கத்தில், கம்பளியை முகத்துக்குமேல் இழுத்து மூடிக்கொண்டு தூங்குவார். விலக்கினால் விழித்துக்கொள்வார். வேர்வையில் பாய் நனைந்திருக்கும். கம்பளியை வெளுப்பது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியும். தேனைக் கண்டால் எழுந்து போய்விடுவார். கோவிலில் ஆர்மோனியத்தின் அடிக்கட்டை இரையத் தொடங்கினால் வெளியே போய் நிற்பார். போதகர் என்னிடம் இரண்டு தடவை விசாரித்தார். கடல் பிரயாணத்தில் காது கெட்டிருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

என்னிடம் சொல்லவே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். சொல்லத் தொடங்கினார். ஆனால் அவருக்கு ஒரு விஷயத்தை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரியாது. ஒருநாள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ஒரே கம்பளிதான் இருந்துச்சு, ஞானம்.”

“எங்கே?”

“அங்க.”

“அங்கே என்றால்? கப்பலிலா, கரையிலா?”

“கரையில.”

“சர்க்கார் ஆளுக்கொரு கம்பளி கொடுக்கிறதே. ஒன்று எப்படி ஆயிற்று?”

“எறங்கும்போது சுமையெல்லாம் கப்பல்லயே போடச் சொல்லிட்டாங்க. பேச்சி மட்டும் போடலை. சுருட்டி முதுகுல கட்டிக்கிட்டான்.”

“அது உத்தரவை மீறியது அல்லவா?” என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதானே? பேச்சிமுத்து இவருடைய கைக்கீழ் இருந்த சிப்பாய். அவர், “மீறினதுதான்” என்றார். எழுந்து போய்விட்டார்.

இன்னொரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, “ஓடாதீங்க நாயக்கய்யா, குப்புறப் படுங்கன்னு பேச்சி என் காலை வாரிவிட்டான். மாமனாரோட மலைத்தேன் எடுக்கப் போவானாம். ஈ கலைஞ்சா ஓடக் கூடாதாம். மூடிக்கிட்டு அசையாமக் கெடக்கணுமாம்” என்றார். “இது சண்டையின் நடுப்பகுதி. முதலிலிருந்து சொல்லுங்கள். கப்பல் எந்தத் தேதியில் புறப்பட்டது?” என்றேன். தேதியைச் சொன்னார். சரியாகச் சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை. உன் தகப்பனார்தான் அந்த மாமனாரா? இருக்கட்டும். இப்போது சொல்லாதே.

அவருக்குச் சொல்லத் தெரியவில்லையே என்றுதான் நானே ஒரு சொற்பொழிவு கட்டிக் கொடுத்தேன். யுத்த நிதிக்காகப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம். நம் சபையிலிருந்து போய் வந்தவர் ஒருவர் பேசினால் நன்றாயிருக்கும் என்று போதகர் விரும்பினார். தெருவிலுள்ள இளக்காரமும் அன்றோடு ஒழியும் என்று நான் நினைத்தேன். செரயேவோவில் தொடங்கி, பெல்ஜியத்துக்கு வந்து, கடல் கடந்து, தாங்காவில் இறங்கி, இறைவனுக்கு நன்றி சொல்லி முடியும். ஒரு சொல் கூடுதல் இல்லை. கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்து மனப்பாடம் செய்தார். நான் சோறு பொங்கிக்கொண்டே கேட்டுத் திருத்தினேன்.

கூட்டத்தில் நன்றாகத்தான் தொடங்கினார். ஆஸ்திரியா வந்தது. செர்பியா வந்தது. ருஷ்யாவும் ஜெர்மனியும் பிரான்சும் வரிசை மாறாமல் வந்தன. “பெல்ஜியம் என்கிற சின்ன தேசம்” என்றார். அப்போது ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டுக்காகக் காற்றை மிதித்தார். ஒரு கட்டை அழுந்தி லேசாக இரைந்தது. இவர் தலையைத் தூக்கி மண்டபத்து உத்தரத்தைப் பார்த்தார். “பெல்ஜியம்” என்றார். மறுபடியும் “பெல்ஜியம்” என்றார். முன்வரிசையில் இருந்து நான் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. “இதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்று சொல்லி மேடையை விட்டு இறங்கி வெளியே போய்விட்டார்.

சாலமோன் பிள்ளை பின்வரிசையிலிருந்து, “நாயக் பெல்ஜியம் வரைக்கும் வந்துட்டாரு. தாங்காவுக்குக் கப்பல் கெடைக்கலை போல” என்றார். போதகர்கூடச் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். “பெல்ஜியத்துக்குப் பிறகு வருவதுதானே உங்களுக்குத் தெரிந்தது? மற்றதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னீர்கள். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டீர்கள். ஏன்?”

“பெல்ஜியத்துக்கு அப்புறம் பேச்சி வாறான், ஞானம்” என்றார்.

சொற்பொழிவில் பேச்சிமுத்துவின் பெயரை நான் சேர்க்கவே இல்லை. தனிமனிதர்களைச் சேர்த்தால் நீண்டுவிடும் என்று விட்டிருந்தேன். அதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

பிறகு நீ வந்தாய்.

தை மாதம், காலை வேளை. இந்தக் கலயத்தின் வாயில் துணி கட்டி இடுப்பில் வைத்திருந்தாய். “டீச்சரம்மா, மலைத்தேன். எங்கண்ணன் எடுத்தது” என்றாய். எங்கள் வீட்டில் தேன் சேர்ப்பதில்லை என்றேன். கோபப்படாமல் வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தாய். அம்பாசமுத்திரம் சந்தையில் யாரோ ஒரு பழைய சிப்பாய் சொன்னான் என்றாய். உன் கணவருக்குப் பக்கத்தில் கிடந்தவர் உயிரோடு பாளையங்கோட்டையில் இருக்கிறார் என்று. “நாயக்கய்யாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுக்காரவுக எப்படிச் செத்தாக?” என்றாய்.

அவர் வாயைத் திறந்தார். “ஒன் வீட்டுக்காரன்” என்று தொடங்கினார். நீ அவ்வளவு தூரம் வந்திருக்கிறாய், அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போகக் கூடாதே என்று எனக்குப் பட்டது. “பொறுங்கள்” என்று அவரை நிறுத்திவிட்டுச் செரயேவோவிலிருந்து நான் சொல்லத் தொடங்கினேன். நீ பொறுமையாகத்தான் கேட்டாய். இளவரசரும் மனைவியும் இறந்த இடம் வந்தபோது மட்டும் குறுக்கிட்டு, “அவுகளுக்குப் பிள்ளைக உண்டுமா?” என்றாய். எனக்குத் தெரியவில்லை. இத்தனை தடவை கற்பித்திருக்கிறேன், ஒருத்தியும் அதைக் கேட்டதில்லை. பிறகு விசாரித்தேன். மூன்று பிள்ளைகளாம்.

நான் பெல்ஜியத்துக்கு வந்தபோது நீ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் வாறேன் டீச்சரம்மா, ரயிலு போயிரும்” என்று எழுந்துவிட்டாய். அவரும் எழுந்தார். “நான் கொண்டுபோயி விடுதேன்” என்றார். பிள்ளைகள் இரைவார்கள் என்று தெருமுனைக்கே போகாமல் இருந்தவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உன்னோடு இறங்கினார்.

அடுக்களைச் சன்னலிலிருந்து அந்தப் புளியமரம் தெரியும். நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. உலையை வைத்துவிட்டுத் திரும்பினால் கண்ணில் படும் இடம் அது. அவர் முதலில் நின்றுகொண்டு பேசினார். இரண்டு கையையும் நீட்டி ஏதோ காட்டினார். நீ கீழே உட்கார்ந்தாய். பிறகு அவர் புழுதியில் குப்புறப் படுத்தார். உலகம்மாள், நடுத்தெருவில்! அன்று காலையில் வெளுத்து வந்த வெள்ளைச் சட்டை. துண்டை எடுத்துத் தலைமேல் இழுத்து மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். என் வகுப்புப் பெண்களும் அதில் இருந்தார்கள். கூப்பிடலாமா என்று நினைத்தேன். அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் வெகு நேரம் அப்படியே கிடந்தார். நீ எழுந்து, அவர் தலைமேல் இருந்த துண்டை எடுத்தாய். உதறினாய். அவர் எழுந்த பிறகு கையில் கொடுத்தாய். அவ்வளவுதான் நான் பார்த்தது.

திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் புழுதி. கையில் இந்தக் கலயம்.

“அவளிடம் என்ன சொன்னீர்கள்?”

“கேட்டதைச் சொன்னேன்.”

“முறையாகச் சொன்னீர்களா?”

“இல்ல ஞானம். முன்னுக்குப் பின்னாத்தான் சொன்னேன். அவளுக்கு வெளங்குச்சு.”

சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். ஊற வைத்தேன்.

அந்த வாரத்திலேயே கம்பளியை மடித்துப் பரண்மேல் போட்டார். நான் சொல்லவில்லை, அவராகவே போட்டார். மூடாத முகத்தோடு தூங்கினார். இருபது வயதில் கல்யாணத்தின்போது பார்த்த முகம். அதற்குப் பிறகு அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். காலையில் விரலால் தேனைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார். ஆடி மாதம் வரைக்கும் வந்தது அந்தத் தேன். “நீயும் கொஞ்சம் தொட்டுக்கயேன்” என்பார். அந்தச் சமயத்தில் எனக்கு வேலை இருக்கும்.

எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவர் போனபோது வாசலில் நின்றவள் நான். காணவில்லை என்று தகவல் வந்தபோது வகுப்பை நிறுத்தாமல் நடத்தியவள் நான். வந்தவருக்குச் சோறு போட்டவள், தெருவோடு வாதாடியவள், சொல்லத் தெரியாதவருக்குச் சொல் தேடிக் கொடுத்தவள். நீ ஒரு காலை வேளை வந்தாய். உன்னிடம் சொன்னார்.

ஐப்பசியில் காய்ச்சல் கண்டது. குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. பரணிலிருந்து கம்பளியை இறக்கிப் போர்த்தினேன். முகத்தை மூடவில்லை, கழுத்து வரைக்கும்தான். அவர் அதன் ஓரத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். குளிர் உள்ளே போகுமே என்று நான் செருகுவேன். மறுபடியும் தூக்குவார். நான் மறுபடியும் செருகுவேன். “உள்ள வா. நீயும் உள்ள வா. எடங் கெடக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். “நான் உள்ளேதான் இருக்கிறேன்” என்றேன். உண்மையில் நான் உள்ளேதான் இருந்தேன், வாசற்கதவைக்கூடச் சாத்தியிருந்தேன். கையைத் தாழ்த்தவே இல்லை. ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடியே பக்கத்துச் சுவரைப் பார்த்து, “வாடா, எடங் கெடக்கு” என்றார். என்னை ஒருநாளும் ‘வாடா’ என்று அழைத்தவரில்லை. காய்ச்சலில் அப்படித்தான் பிதற்றுவார்கள் என்று டாக்டர் சொன்னார்.

நீ ஏன் அழுகிறாய்? நானே அழவில்லை. முதல் நாளும் அழவில்லை, அடக்கத்தின்போதும் அழவில்லை. அழ வேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் போய்விட்டேன்.

காய்ச்சலின் நடுவில் ஒரு காலை அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. கஞ்சி கேட்டார். கொடுத்துவிட்டு, “என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டேன். நேராகவே கேட்டேன். தேதி கேட்கவில்லை, கப்பல் கேட்கவில்லை. அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். “அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியாச்சு” என்றார். நல்ல குரலில், நிம்மதியாகச் சொன்னார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன கடைசி வாக்கியம். அதில் ஒரு குறையும் இல்லை. அவர் சொல்லியதைக் கேட்டவள்தான் நானில்லை.

என்ன பார்க்கிறாய்?

ஓ. கொட்டையைப் புளியில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எவ்வளவு நேரமாக? நீ சொல்லியிருக்கலாமே. இரு, பொறுக்கி எடுத்துவிடுகிறேன். விடு, உலகம்மாள், கையை விடு. நானே எடுக்கிறேன்.

சரி. கிடக்கட்டும்.

வண்டிக்காரன் கூப்பிடுகிறான். “டீச்சரம்மா, ரயிலு போயிரும்” என்கிறான். நீயும் அன்று அதையே சொல்லிவிட்டு எழுந்தாய். போகட்டும். நாளைக் காலையிலும் ஒரு ரயில் இருக்கிறது. ஒருநாள் வகுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். அவனைப் போகச் சொல்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிவிட்டேன். காரணங்களைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன், சண்டையைச் சொன்னேன். விட்டுப்போனது ஒன்றுதான். இனி நீ சொல்லலாம். அன்று அவர் உன்னிடம் என்ன சொன்னார்? முதலிலிருந்து…

இல்லை. வேண்டாம். உனக்கு எங்கே வருகிறதோ அங்கேயே தொடங்கு. நான் நடுவில் பேச மாட்டேன்.

கம்பளியிலிருந்தா?

சரி.